பாக்கெட் பிளேயரில் பாட்டு ஏற்றப் போகிறீர்களா? பிட்ரேட்டைத் தொடும் முன் இதைப் படியுங்கள்

அப்பா விட்டுப்போன கேசட்டுகள் மொத்தம் 11. எல்லாமே எங்கள் குடும்பக் கோயில் கொடையில் பாடிய வில்லுப்பாட்டு. சாதாரண டேப்ரெக்கார்டரை மேடைக்கு முன்னால் வைத்துப் பிடித்தவை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவற்றை லேப்டாப்பில் ஏற்றினேன். என் பிளேயரில் அப்போது 2 ஜிபி மெமரி கார்டுதான் இருந்தது. இடம் போதாது என்று நானே முடிவு செய்து, எல்லாவற்றையும் 64 கேபிபிஎஸ், 22 கிலோஹெர்ட்ஸ் எம்பி3 ஆக மாற்றினேன். (கேபிபிஎஸ்தான் பிட்ரேட்டின் கணக்கு: ஒரு நொடிப் பாட்டுக்கு எத்தனை ஆயிரம் பிட் தகவல் என்பது. குறைத்தால் கோப்பு சின்னதாகும், தரமும் இறங்கும்.) மாற்றி முடித்ததும் சுருக்காத பெரிய வேவ் கோப்புகளை அழித்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து ஹெட்போன் போட்டு நிதானமாகக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. வீசுகோல் நாணில் விழும்போது வில்லில் கட்டிய மணிகள் சிலிர்க்க வேண்டும். அதற்குப் பதிலாக யாரோ வாளித் தண்ணீருக்குள் சாவிக்கொத்தை ஆட்டுவது போல ஒரு சத்தம். உடுக்கை அடிக்கு முன்னாலேயே ஒரு மங்கலான 'ஷ்' வந்து, அதன் பிறகுதான் அடி விழுகிறது. சரி, மறுபடி ஏற்றலாம் என்று கேசட்டுகளை எடுத்தால், அந்த ஆடி மழையில் இரண்டில் பூஞ்சை பிடித்திருந்தது. அதில் ஒன்றை மெஷின் மென்று துப்பியது. அந்த இரண்டு கேசட்டுக்கும் இன்று என்னிடம் இருப்பது 64 கேபிபிஎஸ் மட்டும்.

பிறகு ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 11 கேசட், ஒன்றரை மணி நேரம் வீதம் பதினாறரை மணி நேரம். 192 கேபிபிஎஸ்ஸில் வைத்திருந்தாலும் மொத்தம் 1.4 ஜிபிதான் வந்திருக்கும். அந்த 2 ஜிபி கார்டிலேயே அடங்கியிருக்கும்!

அதற்கப்புறம் மாமாவுக்கு ஒரு பிளேயர், கூட்டாளி ஒருவனுக்கு ஒரு பிளேயர் என்று தயார் செய்து கொடுத்ததில் ஓரளவு தேறிவிட்டேன். நான் போன வழியில் நீங்களும் போக வேண்டாம் என்பதற்காக, வரிசையாக எழுதுகிறேன்.

1. யார், எங்கே, எதில் கேட்கப் போகிறார்?

எல்லோரும் "எது பெஸ்ட் குவாலிட்டி?" என்றுதான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

என் மாமனார் குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டப் போகிறவர். விடிவதற்கு முன்பே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கிவிடுவார். அங்கே போனில் சிக்னல் நிற்காது, அதனால்தான் பிளேயர். அவர் ஒரு காதில் மட்டும்தான் இயர்போன் வைப்பார். மற்றொரு காது பன்றிக்கும் பாம்புக்கும், பக்கத்து வரிசையில் வெட்டுகிறவர் கூப்பிடும் குரலுக்கும். முதலில் அவருக்கு நல்ல ஸ்டீரியோவில் பாட்டு ஏற்றிக் கொடுத்தேன். இரண்டாம் நாள் கேட்டார்: "மாப்ள, இந்தப் பாட்டுல வயலினையே காணலியே?" வயலின் மற்றக் காதில் இருந்தது.

கூட்டாளி தூத்தூர் பக்கம். கொச்சியிலிருந்து கிளம்பும் விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறவன். போனால் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் திரும்பி வர. கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் நெட்வொர்க்கும் போய்விடும், எஃப்எம்மும் போய்விடும். படகில் இன்ஜின் சத்தம் எப்போதும் உண்டு. அந்தச் சத்தத்துக்கு நடுவில் 256க்கும் 320க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறேன் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

மூன்றாவது ஆள் நான். ராத்திரி வீட்டில், மூடிய ஹெட்போனில், அப்பாவின் கேசட்டைக் கேட்கிறவன். எனக்கு மணிச் சத்தம் மணிச் சத்தமாகவே வேண்டும்.

மூன்று பேருக்கும் ஒரே அமைப்பு சரிவராது. நீங்கள் இதில் யார் மாதிரி என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

2. பிளேயர் எதையெல்லாம் பாடும் என்று பெட்டியில் பாருங்கள்

விலை குறைந்த பிளேயர்கள் எல்லாம் எம்பி3 பாடும். வேவும் பெரும்பாலும் பாடும். ஃப்ளாக் சிலது பாடும். ஐபோன்காரர்கள் தரும் எம்4ஏ கோப்பு பல மலிவு பிளேயர்களில் பட்டியலில்கூடத் தெரியாது. ஓபஸ் என்ற புதிய வடிவம் குறைந்த பிட்ரேட்டில் எம்பி3ஐ விட எவ்வளவோ நன்றாக இருக்கும், 96இலேயே பாட்டு சுத்தமாக வரும். ஆனால் அதைப் பாடும் மலிவு பிளேயர் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. பழைய ஆண்ட்ராய்ட் போன் ஒன்றை சிம் இல்லாமல் பிளேயராக வைத்துக்கொள்கிறவர்கள் விஎல்சி போட்டுக்கொண்டு தாராளமாக ஓபஸ் பயன்படுத்தலாம்.

மற்றவர்கள் எம்பி3இலேயே நில்லுங்கள். கடலில் போய் "ஃபைல் எரர்" என்று வந்தால் யாரைப் பிடிப்பது?

கடைக்காரர் "எல்லாம் பாடும் சார்" என்பார். ஒரு பென்டிரைவிலோ கார்டிலோ உங்கள் கோப்புகள் நான்கைந்தைக் கொண்டுபோய் அங்கேயே போட்டுப் பாருங்கள். தமிழில் பெயர் வைத்த கோப்பு ஒன்றும் அதில் இருக்கட்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

3. கார்டு வாங்கும்போது பில்லை விடாதீர்கள்

நான் இரண்டாவது முறை ஏமாந்தது இங்கே. 64 ஜிபி என்று எழுதிய கார்டை மலிவாகக் கிடைத்தது என்று பில் இல்லாமல் வாங்கினேன். முதல் ஏழெட்டு ஜிபி வரை எல்லாம் சரி. அதற்கு மேல் ஏற்றிய பாட்டுகள் பெயர் மட்டும் இருக்கும், பாடாது. உள்ளே இருப்பது சின்ன கார்டு. 64 என்று பொய் சொல்லும்படி அதை மாற்றி வைத்திருக்கிறார்கள்.

அதனால் இதைச் செய்யுங்கள். ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள், கார்டு வந்த அட்டையையும் எடுத்து வையுங்கள். வாரன்டி கேட்டுப் போனால் இரண்டையும் கேட்பார்கள். பில் எழுத்து சில மாதத்தில் மறைந்துவிடும், அன்றைக்கே போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் கார்டு முழுவதையும் ஒருமுறை எழுதி, படித்துச் சோதியுங்கள். 32 ஜிபி கார்டு, நொடிக்கு 10 எம்பி வேகம் என்றால் எழுதுவதற்கு மட்டும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். ஓடவிட்டு சாயா குடிக்கப் போகலாம். வாங்கிய அன்றே இதைச் செய்தால் மாற்றிக் கேட்க வாய் இருக்கும். ஒரு மாதம் கழித்துப் போனால் இருக்காது.

எந்த அளவு வாங்குவது? 32 ஜிபி போதும் என்பதே என் கட்சி. அதுவரை கார்டுகள் ஃபேட்32 என்ற கோப்பு அடுக்கும் முறையில் வரும், பெரும்பாலான பிளேயர்கள் படிக்கும். 64இலிருந்து எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறை. மலிவு பிளேயர்கள் பலவும் அதைக் கண்டால் "நோ கார்டு" என்று கைவிரிக்கும்.

கார்டு வாங்கும் இடத்திலேயே "பாட்டும் ஏற்றித் தரட்டுமா?" என்று கேட்பார்கள். வேண்டாம். ஐந்தாறு கை மாறி, ஒவ்வொரு கையிலும் ஒருமுறை சுருக்கப்பட்ட பாட்டுகள் அவை. காசு வாங்கிக்கொண்டு அப்படிக் காப்பி போட்டுக் கொடுப்பது பதிப்புரிமைச் சட்டப்படி குற்றமும்கூட.

4. மூலத்தை ஒரே ஒருமுறை, இழப்பில்லாமல் எடுத்து வையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு படியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

எம்பி3 என்பது தேங்காய்ப்பால் பிழிவது மாதிரி. பிழிந்த பாலிலிருந்து தேங்காய் திரும்பி வராது. 128இல் இருக்கும் பாட்டை 320 ஆக மாற்றினால் கோப்பு இரண்டரை மடங்கு பெரிதாகும், சத்தம் இன்னும் கொஞ்சம் கெடும். அவ்வளவுதான். ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் போகும். ஆகவே கேசட்டோ சிடியோ, முதலில் ஃப்ளாக்கில் எடுத்து ஹார்ட் டிஸ்கில் வைத்துவிடுங்கள். ஃப்ளாக் சுருக்கும், ஆனால் எதையும் தூக்கி எறியாது. பிளேயருக்கு வேண்டிய எம்பி3ஐ எப்போதும் அந்த ஃப்ளாக்கிலிருந்தே செய்யுங்கள். அமைப்பு பிடிக்கவில்லையா? எம்பி3ஐ அழித்துவிட்டு மறுபடி செய்துகொள்ளலாம்.

சிடி தரத்தில் ஒரு மணி நேர ஒலி வேவ் கோப்பாக 635 எம்பி. ஃப்ளாக்கில் பெரும்பாலும் அதில் பாதியை ஒட்டி வரும். இரைச்சல் அதிகமுள்ள கேசட் என்றால் இன்னும் கொஞ்சம் கூடும். என் 11 கேசட்டையும் ஃப்ளாக்கில் வைத்திருந்தால் 6 ஜிபிக்குக் கொஞ்சம் மேல் வந்திருக்கும். இந்த இடத்தை மிச்சப்படுத்தத்தான் நான் மூலத்தை அழித்தேன்.

கேசட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். நம்ம குமரி ஜில்லாவில் இரண்டு மழையும் கொட்டும். ஜூன் முதல் நவம்பர் வரை காற்றில் ஈரம்தான். மாசி, பங்குனி மாதத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து, சுருளின் ஓரத்தில் வெள்ளையாக மாவு பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பூத்திருந்தால் மெஷினில் போடாதீர்கள். அந்தப் பூஞ்சை, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். நன்றாக இருக்கும் கேசட்டை முதலில் ஒருமுறை முன்னும் பின்னும் முழுக்க ஓட்டிவிட்டு, பிறகு பிளே போடுங்கள். வருஷக்கணக்கில் ஒட்டிக் கிடந்த டேப் கொஞ்சம் இளகும். ஹெட்டை மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிடுங்கள். பழுப்பாக வரும் பாருங்கள், அதைத்தான் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

லேப்டாப்பின் ஒற்றை ஹெட்போன் துளையில் வயரைச் செருகாதீர்கள். அது மைக்குக்கானது, ஒரு பக்கத்தை மட்டும்தான் எடுக்கும், அதையும் கரகரவென்று எடுக்கும். யுஎஸ்பியில் செருகும் சின்ன ஆடியோ கேப்சர் பெட்டி ஒன்று வாங்கினால் போதும். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வைத்து, உரத்த இடத்தில் அளவுகோல் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். குரவை இடும் இடத்தில்தான் என்னுடையது தாண்டியது. அங்கே வைத்து அளவைச் சரிசெய்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

இரைச்சலை நீக்கும் வசதியைக் கை கட்டிப் பயன்படுத்துங்கள். 6 டெசிபல் போதும். 20, 24 என்று ஏற்றினால் இரைச்சல் போகும், கூடவே பாடகரின் மூச்சும் போகும், மிச்சம் இருப்பது ரோபோ. ஆனால் கொஞ்சமாவது குறைப்பது நல்லது. கேசட்டின் 'ஸ்' இரைச்சலைச் சுருக்குவதுதான் எம்பி3க்கு ரொம்பக் கஷ்டம். பாட்டுக்குப் போக வேண்டிய பிட்டுகளை அது தின்றுவிடும்.

5. இப்போது பிட்ரேட்

கணக்கு சுலபம். பிட்ரேட்டை 0.45 ஆல் பெருக்குங்கள், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை எம்பி என்று வந்துவிடும். 128க்கு 57.6. 192க்கு 86.4. 320க்கு 144.

கூட்டாளியின் கணக்கைப் பார்ப்போம். 40 நாள் கடல், நாளுக்கு 8 மணி நேரம் பாட்டு என்று வைத்தாலும் 320 மணி நேரம். 192இல் அது 27.6 ஜிபி, 32 ஜிபி கார்டில் அடங்கும். 320இல் 46 ஜிபி, அடங்காது. இப்படித்தான் முடிவு செய்ய வேண்டும், "320தான் ஒரிஜினல்" என்று யாரோ சொன்னதைக் கேட்டல்ல. (உண்மையில் யாருக்கும் 320 மணி நேரப் பாட்டு வேண்டாம். அவன் திரும்பி வந்தபோது கேட்டேன், நாற்பது பாட்டையே திரும்பத் திரும்பப் போட்டானாம்.)

என் அனுபவத்தில் நிற்கும் எண்கள் இவை. சினிமாப் பாட்டு, கோயில் பாட்டு, கிறிஸ்தவப் பாட்டு எதுவானாலும் ஸ்டீரியோவில் 192. இடம் நெருக்கினால் 160. பயணத்தில் மட்டும்தான் கேட்பேன், சின்ன ஸ்பீக்கரில்தான் போடுவேன் என்றால் 128க்கும் பெரிய குறை தெரியாது. 320 வைப்பதில் தப்பில்லை, இடம் இருந்தால் வையுங்கள். ப்ளூடூத் ஸ்பீக்கரில் கேட்கிறவர்கள் மட்டும் ஒன்றை நினைவில் வையுங்கள்: ப்ளூடூத் போகும் வழியில் பாட்டை இன்னொரு முறை சுருக்குகிறது.

பிரசங்கம், பட்டிமன்றம், ஏடு வாசிப்பு போன்ற தனிக் குரலுக்கு மோனோ 64 தாராளம். ஒரு மணி நேரம் 29 எம்பிகூட வராது.

வில்லுப்பாட்டைப் பேச்சுக் கணக்கில் சேர்க்காதீர்கள். நான் செய்த தப்பு அதுதான். பாதி நேரம் கதைதானே சொல்கிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் எம்பி3க்குப் பிடிக்காத சத்தம் எல்லாம் வில்லுப்பாட்டில் ஒரே மேடையில் உட்கார்ந்திருக்கிறது: கைத்தாளம், வில்லின் மணி, உடுக்கை, கட்டை. எம்பி3 ஒலியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிச் சுருக்குகிறது. திடீரென்று ஒரு அடி விழும்போது, பிட் போதாவிட்டால், அந்த அடியின் அழுக்கு அதே துண்டில் அடிக்கு முந்தைய அமைதியிலும் பரவிவிடும். உடுக்கைக்கு முன்னால் எனக்குக் கேட்ட 'ஷ்' அதுதான். மணிக்கு நடந்தது வேறு: சாம்பிள் ரேட்டை, அதாவது ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளப்பது என்பதை, 22 கிலோஹெர்ட்ஸ் என்று நான் வைத்ததால் அதில் பாதியான 11 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள சத்தம் முழுவதும் வெட்டப்பட்டது. மணியின் பளபளப்பு இருப்பதே அங்கேதான். வில்லுப்பாட்டு, செண்டை, சிங்காரிமேளம் எதற்கும் சாம்பிள் ரேட்டை 44.1இலிருந்து இறக்காதீர்கள். ஸ்டீரியோ என்றால் 192க்குக் கீழே போகாதீர்கள்.

இன்னொரு பொறி. கையில் இருக்கும் கோப்பில் "320" என்று எழுதியிருப்பதாலேயே அது 320 ஆகிவிடாது. 128ஐ ஊதிப் பெருக்கியதாக இருக்கலாம். ஆடாசிட்டியில் திறந்து, எந்த உயரத்தில் எவ்வளவு சத்தம் என்று படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றிப் பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி சடக்கென்று இருட்டானால் சந்தேகப்படலாம். பழைய படப் பாட்டுகளில் மேல் பகுதி இயல்பாகவே மங்கிப்போகும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

6. மோனோவா, ஸ்டீரியோவா?

ஒற்றைக் காதில் கேட்கும் மாமாவுக்கு எல்லாவற்றையும் மோனோவாக்கிக் கொடுத்தேன். வயலின் திரும்பி வந்தது. மோனோவில் பிட்ரேட்டைப் பாதியாக்கினாலும் தரம் ஏறத்தாழ அதேதான். ஆகவே 96 வைத்தேன், கார்டில் இரண்டு மடங்கு பாட்டு ஏறியது.

ஒரே மைக்கில் பிடித்த கோயில் கேசட்டும் மோனோதான், ஸ்டீரியோ டெக்கில் ஓடினாலும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கேசட்டின் இடது வலது இரண்டையும் கலந்து மோனோ ஆக்காதீர்கள். பதிவு செய்த மெஷினின் ஹெட்டும் உங்கள் மெஷினின் ஹெட்டும் ஒரே சாய்வில் இருக்காது. அதனால் இரண்டு பக்கமும் மயிரிழை நேரம் முன்பின்னாக வரும். கலந்தால் மேல் சுருதிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அழியும். ஆடாசிட்டியில் ஸ்டீரியோ தடத்தைப் பிரித்து, எந்தப் பக்கம் தெளிவோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடுங்கள். என் கேசட்டுகளில் பெரும்பாலும் இடது பக்கம்தான் நன்றாக இருந்தது. அப்பாவின் வில்லுப்பாட்டு இப்போது என் பிளேயரில் மோனோ 128. ஹெட்போனில் கேட்டாலும் மணி மணியாகவே இருக்கிறது.

7. சுருக்கும் ஜன்னலில் இருக்கும் மற்றக் கட்டங்கள்

சிபிஆர் என்றால் முழுக்க ஒரே பிட்ரேட். விபிஆர் என்றால் தேவைக்கேற்ப ஏறி இறங்கும், அதே இடத்தில் தரம் கூடுதலாகக் கிடைக்கும். நல்ல பிளேயருக்கு விபிஆர் வையுங்கள். எம்பி3 ஆகச் சுருக்கித் தரும் லேம் என்கோடரில் வி2 என்ற அளவு சராசரியாக 190க்குப் பக்கத்தில் நிற்கும். மலிவு பிளேயர்களில் விபிஆர் கோப்பின் நேரம் தப்பாகக் காட்டும், முன்னே தள்ளினால் எங்கேயோ போய் நிற்கும். அவற்றுக்கு சிபிஆர்.

'ஜாயின்ட் ஸ்டீரியோ' என்பதைப் பார்த்துப் பயந்து மாற்றாதீர்கள், அப்படியே விடுங்கள். ஒலியளவை உச்சம் மைனஸ் 1 டெசிபல் இருக்கும்படி சரிசெய்த பிறகே சுருக்குங்கள். ஒரு பாட்டு கத்தி, அடுத்தது முணுமுணுத்தால் எம்பி3கெயின் போட்டு எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அது மறுபடி சுருக்காமலேயே அளவை மாற்றும்.

இரண்டு மணி நேரக் கோப்பை அப்படியே ஏற்ற வேண்டாம். சார்ஜ் தீர்ந்து அணைந்தால் பல பிளேயர்கள் எங்கே விட்டோம் என்பதை மறந்துவிடும். கதை நடுவில் போய் நிற்பதற்கு பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஃப்ளாக்கிலேயே 15, 20 நிமிடத் துண்டுகளாக வெட்டிவிட்டுச் சுருக்குங்கள். ஏற்கெனவே எம்பி3 ஆகிவிட்டதா? எம்பி3டைரக்ட்கட் மறுபடி சுருக்காமல் வெட்டித் தரும்.

8. ஒரு பாட்டை வைத்துச் சோதித்த பிறகே மொத்தத்தையும் மாற்றுங்கள்

தாளம் பலமாக விழும் அரை நிமிடத் துண்டு ஒன்றை எடுங்கள். 96, 128, 192, 320 என்று நான்காகச் செய்யுங்கள். வீட்டில் யாரையாவது விட்டு, எது எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். என் மகள் போட்டாள். 96ஐ ஒவ்வொரு முறையும் பிடித்தேன். 128ஐப் பாதி முறை. 192க்கும் 320க்கும் நான் சொன்னதெல்லாம் குருட்டு அடி. "அப்பா, நீங்க ரெண்டு தடவையும் ஒரே பாட்டைக் கேட்டுட்டு வித்தியாசம் சொன்னீங்க" என்று சிரித்தாள்.

அப்புறம் அதே துண்டுகளை, கேட்கப் போகும் இடத்திலேயே கேளுங்கள். நான் மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வரை பஸ்ஸில் கேட்டேன். தக்கலை தாண்டுவதற்குள் 128க்கும் 320க்கும் சண்டை முடிந்துவிட்டது.

9. கார்டில் ஏற்றும்போது

மலிவு பிளேயர்கள் பல, கார்டில் எந்த வரிசையில் காப்பி ஆனதோ அந்த வரிசையில்தான் பாடும். கதையின் மூன்றாம் பாகம் முதலில் வந்தால் நன்றாகவா இருக்கும்? கோப்புப் பெயரை 001, 002 என்று தொடங்கி, ஃபோல்டர் ஃபோல்டராக வரிசையில் காப்பி செய்யுங்கள்.

தமிழ் எழுத்து பல பிளேயர்களில் கட்டம் கட்டமாகத் தெரியும். கடையில் தமிழ்ப் பெயர்க் கோப்பு ஒன்றைச் சோதிக்கச் சொன்னது இதற்குத்தான். தெரியாவிட்டால் கோப்பின் பெயரையும் உள்ளே இருக்கும் பாட்டுத் தகவலையும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். அந்தத் தகவலை ஐடி3 2.3 பதிப்பில் சேமியுங்கள், 2.4ஐப் பழைய பிளேயர்கள் பல படிக்காது. பெரிய அட்டைப் படங்களை நீக்கிவிடுங்கள்.

ஒரு நோட்டும் போடுங்கள். கேசட் எண், எந்தப் பக்கம், எந்த வருஷக் கொடை, பாடியவர் யார், எந்த அமைப்பில் சுருக்கினீர்கள். எனக்கு இப்போது ஐந்தாம் கேசட்டில் பாடுகிறவர் யார் என்று சொல்ல ஆள் இல்லை.

10. செலவும் நேரமும்

நான் கொடுத்தது: கேப்சர் பெட்டி 700 ரூபாய், 32 ஜிபி கார்டு 450, பழைய டெக்குக்குப் புது பெல்ட் மாற்ற 150, ஆல்கஹாலும் பஞ்சும் 100க்குள். மென்பொருள் எல்லாம் இலவசம். பெல்ட்டை மாற்றாமல் பதிவு செய்யாதீர்கள், தளர்ந்த பெல்ட்டில் பாட்டு இழுத்து இழுத்து வரும். பிளேயரை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அது உங்கள் வசதி.

நேரத்தில்தான் எல்லோரும் ஏமாறுவது. 90 நிமிடக் கேசட் 90 நிமிடம் ஓடித்தான் தீரும், குறுக்கு வழி கிடையாது. வெட்டவும் இரைச்சல் குறைக்கவும் இன்னொரு அரை மணி. ஒரு நாளைக்கு ஒரு கேசட் என்று வைத்தால் 11 கேசட்டுக்கு இரண்டு வாரம் போய்விடும். சுருக்குவது நிமிடக் கணக்கில் முடிந்துவிடும். காப்பி செய்யும்போது கார்டைக் கழற்றி கார்டு ரீடரில் போடுங்கள். நொடிக்கு 10 எம்பி கிடைத்தால் 16 ஜிபி அரை மணிக்குள் ஏறும். பிளேயரையே வயர் போட்டு இணைத்தபோது எனக்கு அதே வேலைக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

கடலுக்குப் போகிறவர்களுக்குச் செய்வதாக இருந்தால், மேற்குக் கடற்கரையின் தடைக்காலமான ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நல்ல நேரம். ஆள் கரையில் இருப்பான், உட்கார்ந்து பாட்டைத் தேர்ந்தெடுப்பான், சோதித்தும் பார்ப்பான். ஆனால் நடப்பது வேறு. படகு கிளம்பும் நாள் காலையில் வெறும் கார்டோடு வந்து, "மக்கா, பத்து மணிக்கு வண்டி, கொஞ்சம் ஏத்தித் தா" என்று நிற்பான். அதனால் 192இல் நிரப்பிய 32 ஜிபி கார்டு ஒன்று என் மேசை டிராயரில் எப்போதும் தயாராகக் கிடக்கிறது. அவன் கொண்டுவருவதை வாங்கி வைத்துக்கொண்டு அதைக் கொடுத்துவிடுவேன்.